நீலம் உள்ளே இறங்காத நூல்

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்ததும் திருவண்ணாமலையில் வேறொரு சீசன் ஆரம்பிக்கும். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்குவார்கள். பிப்ரவரி, மார்ச் வரை இருந்துவிட்டு, வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுவார்கள். வந்த வாரத்திலேயே தொளதொள பருத்திப் பேண்டுக்கு மாறிவிடுவதால், விமானத்தில் போட்டுவந்த ஜீன்ஸ் பெட்டியின் அடிக்குப் போய்விடும். கிளம்பும் நேரத்தில்தான் அதன் ஞாபகம் வரும். தொடையிடுக்கில் கிழிசல், தேய்ந்த பாட்டம், கழன்ற லூப் என்று ஏதாவது ஒன்றோடு செங்கம் சாலைப் பக்கத்துத் தையற்கடைக்கு வந்து சேரும்.

நல்ல தையல்காரர் ஜீன்ஸைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்புவார். எந்தத் தையல் எதன்மேல் ஏறியிருக்கிறது, துணி எத்தனை மடிப்பு, நூல் பருத்தியா பாலியஸ்டரா, எந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டால் ஊசி இறங்கும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். டோக்கியோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் பழைய ஜீன்ஸை லட்சங்கள் கொடுத்து வாங்குகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். முதலில் உள்பக்கம். ஆனால் தையல்காரர் எதையெல்லாம் பார்த்து ‘இதைச் சரிபண்ணிடலாம்’ என்பாரோ, அதற்கெல்லாம்தான் அவர்கள் காசைக் கொட்டுகிறார்கள். கோணல் லூப், முறுக்கிக்கொண்ட கால், அலையலையாகச் சுருங்கிய பாட்டம், சாயம் போன முழங்கால்!

இந்தப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும்? 2022 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு பழைய லிவைஸ் ஜீன்ஸ் ஏலம் போனது. 1880-களில் தைத்தது, கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் கிடைத்தது. ஏலக் கமிஷனும் சேர்த்து 87,400 டாலர். அன்றைய மதிப்பில் 70 லட்சம் ரூபாய்க்கு மேல். அதன் பாக்கெட்டின் உள்துணியில், வெள்ளையர் உழைப்பில் மட்டுமே தயாரானது என்று பெருமையாக அச்சடித்திருந்தது. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுக்க அமெரிக்கா 1882-ல் சட்டமே போட்ட காலம் அது. அந்தக் காலத்தின் அழுக்கும் ஜீன்ஸின் உள்பக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரிவிட் அடித்த டெய்லர்

ஜீன்ஸ் என்றதும் லிவை ஸ்ட்ராஸ் பெயரைச் சொல்கிறோம். அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஜவுளி மொத்த வியாபாரி. மூளை, நெவாடா மாநிலத்தின் ரீனோ ஊரில் கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரருடையது. கூலிவேலை பார்க்கும் கணவனுக்குக் கிழியாத பேண்ட் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டு வந்தார். குதிரைகளுக்கான போர்வையில் வார்களைப் பொருத்த டேவிஸ் வைத்திருந்த செப்பு ரிவிட்டுகள் மேசைமேல் கிடந்தன. பாக்கெட் முனைகளில் அவற்றை அடித்துக் கொடுத்தார். ஊரில் பேச்சாகிவிட்டது. காப்புரிமைக்குப் பணம் கட்டக் கையில் வசதியில்லாததால், தனக்குத் துணி சப்ளை செய்துகொண்டிருந்த ஸ்ட்ராஸுக்கு எழுதினார். 1873 மே 20-ம் தேதி இருவருக்குமாக 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்த ரிவிட்டுகள் பட்ட பாடு தனிக் கதை. கவட்டையில், நான்கு தையல்கள் கூடும் இடத்திலும் ஒரு ரிவிட் இருந்தது. உறுதிக்கு நல்லதுதான், நெருப்பு மூட்டிக் குளிர்காய உட்காருகிறவனுக்கு அது என்ன செய்யும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். கம்பெனித் தலைவரே முகாம் நெருப்பருகே உட்கார்ந்து சூடுபட்ட பிறகுதான் அதை எடுக்க முடிவானது என்று அவர்களே ஒரு கதை சொல்வார்கள். பின்பாக்கெட் ரிவிட்டுகளோ பள்ளி நாற்காலிகளையும் குதிரைச் சேணங்களையும் கீறின. 1937-ல் அவற்றைத் துணிக்கு அடியில் மறைத்தார்கள். 1960-களின் நடுவில் அந்த மறைவு ரிவிட்டும் போய், அந்த இடத்தில் நெருக்கமாக அடித்த தையல் வந்தது. ஆகவே பின்பாக்கெட்டின் மூலையை உள்பக்கமிருந்து தடவிப் பார்த்தால், அந்த லிவைஸ் எந்தக் காலத்தது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

விரலுக்கு இப்படி வேலை கொடுக்கும் இடங்கள் நிறைய. இரண்டாவது பின்பாக்கெட் 1901-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒன்றே ஒன்று. பெல்ட் லூப் 1922-ல். அதுவரை தோள்வாரும், பின்னிடுப்பை இறுக்கும் ஒரு பக்கிளும்தான். பின்பாக்கெட் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்புத் துண்டு 1936-ல் வந்தது. அதில் பெயரின் எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முந்தையது. ஏமாற்றுக்காரர்களுக்கும் இது தெரியும் என்பதால், அந்தத் துண்டை மட்டும் நம்பி யாரும் பர்ஸைத் திறப்பதில்லை.

இரண்டாம் உலகப்போர்க் கால ஜீன்ஸுகள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. துணி, நூல், உலோகம் எல்லாவற்றுக்கும் அமெரிக்க அரசு கட்டுப்பாடு போட்டது. பின்பக்கிள் போனது, கவட்டை ரிவிட் போனது, சின்னக் கடிகாரப் பாக்கெட்டின் ரிவிட்டுகளும் போயின. பின்பாக்கெட்டில் பறவைச் சிறகுபோல் வளைந்த இரட்டைத் தையல் ஒன்று உண்டே, அது வெறும் அலங்காரம் என்பதால் அதற்கு நூல் செலவழிக்க அனுமதியில்லை. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அந்த வளைவைப் பெயின்டால் வரைந்தது! சில சலவைகளில் அது அழிந்துபோகும். இன்றைக்கு அந்தப் பெயின்டின் சுவடு லேசாகத் தெரிந்தாலும் விலை எகிறுகிறது. பாக்கெட் உள்துணிக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தைத்திருக்கிறார்கள். பற்றாக்குறை காலத்தில் தைத்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

இனி கோணல் லூப். 1950-களின் சில ஜீன்ஸுகளில் முதுகுப்பக்கத்து நடு லூப் சரியாக நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். நடுவில் இரண்டு பின்பாகங்களும் சேரும் தையல், அதன்மேல் இடுப்புப் பட்டி, அதன்மேல் லூப் என்று மடிப்பு ஏறிக்கொண்டே போனதால் ஊசி உடைந்தது. கொஞ்சம் தள்ளி அடித்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. நம் ஊர்த் தையல்காரர் இதற்குச் சுத்தியலை எடுப்பார்; மரக்கட்டைமேல் வைத்து நாலு தட்டுத் தட்டி மடிப்பைச் சப்பையாக்கிவிட்டு 18-ம் நம்பர் ஊசியில் அடிப்பார். ஜப்பானியக் கம்பெனிகள் பழைய ஜீன்ஸை அச்சு அசலாகத் திரும்பச் செய்யும்போது அந்த லூப்பை வேண்டுமென்றே கோணலாக அடிக்கிறார்கள். தப்பை நகலெடுக்க இன்று தனித்திறமை தேவைப்படுகிறது.

ஆரணிக்குத் தெரிந்த கரை

பழைய ஜீன்ஸின் பாட்டத்தை மடித்துவிட்டால் உள்ளே வெளித்தையலை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டையும் நடுவே சிவப்பு நூலும் தெரியும். இதுதான் செல்வெட்ஜ். உலகமெங்கும் இதைக் காட்டிக்கொள்வதற்காகவே பாட்டத்தை மடித்துவிட்டு நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடி, ஒவ்வொரு முறையும் ஊடை நூல் அறுபடாமல் திரும்பினால் துணியின் ஓரம் தானாகக் கட்டிக்கொள்ளும், பிரியாது. ஆரணிப் பட்டின் ஓரம் அப்படி உண்டானதுதான். டெனிம் என்கிற ஜீன்ஸ் துணியும் ஒரு காலத்தில் நாடாத் தறியில்தான் ஓடியது.

அந்தத் தறிகளில் துணியின் அகலம் ஏறக்குறைய முப்பது அங்குலம்தான். அந்தக் குறுகலில் காலை வெட்ட வேண்டுமானால், காலின் வெளிப்பக்கத்தைத் துணியின் கரையோடு நேராக ஒட்டவைத்து வெட்டுவதுதான் சிக்கனம். கரை பிரியாது என்பதால் அங்கே ஓவர்லாக்கும் தேவையில்லை. பிறகு நாடா இல்லாத அகலத் தறிகள் வந்தன. வேகம் பலமடங்கு, அகலம் இரட்டிப்பு, ஓரம் மட்டும் குஞ்சம்போல் பிரிந்து நின்றது. 1980-களின் நடுவில் லிவைஸும் பழைய கரைத்துணியைக் கைவிட்டது. 1915-லிருந்து அவர்களுக்குத் துணி கொடுத்துவந்த வட கரோலினாவின் கோன் மில்ஸ் நிறுவனத்தின் ஒயிட் ஓக் ஆலை 2017 கடைசியில் மூடப்பட்டது. அதற்குள் ஜப்பான் முந்திக்கொண்டிருந்தது. குராபோ ஆலை 1973-லேயே தன் முதல் டெனிம் துணியை வெளியிட்டுவிட்டது. ஒகயாமா மாகாணத்தின் கோஜிமா, இன்று ஜீன்ஸ் பைத்தியங்களின் காசி.

நெசவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலை உச்சியில் மகா தீபம் ஏற்ற ஆயிரம் மீட்டர் காடாத் துணி திரி வேண்டும் என்று ஆண்டுதோறும் செய்திகளில் படிக்கிறோம். காடா என்பது ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவு. டெனிமில் ஊடை நூல் மூன்று பாவு நூல்களுக்கு அடியில் பதுங்கி, நாலாவதன்மேல் தலைகாட்டும். அடுத்த வரியில் ஒரு நூல் தள்ளி இதே ஆட்டம். அதனால்தான் துணியில் சாய்ந்த வரிகள். பாவு மட்டும் நீலம், ஊடை வெள்ளை என்பதால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது.

சாய்வு ஒரு பக்கமாகவே போவதால் துணிக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடும். முதல் சலவையில் அது விடுபடும்போது கால் முறுக்கிக்கொள்ளும். வெளித்தையல் மெல்லச் சுற்றிக்கொண்டு முழங்காலுக்கு முன்னால் வந்து நிற்கும். கூடவே சுருக்கம் வேறு. இடுப்பில் ஓரிரு அங்குலம், நீளத்தில் அதற்கும் மேல். அந்தக் காலத்தில் பெரிய அளவாக வாங்கி, நனைத்துச் சுருக்கி உடம்புக்குப் பொருத்திக்கொண்டார்கள். சுருக்கத்தை ஆலையிலேயே முடித்துவிடும் சான்ஃபரைஸ் முறை 1930-ல் வந்தது. முறுக்கலை இன்னொரு ஜீன்ஸ் கம்பெனியான ரேங்ளர் வேறுவிதமாகத் தீர்த்தது. சாய்வை இரண்டு நூல்களுக்கு ஒருமுறை திசை மாற்றி, இழுவிசையை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்கினார்கள். 1964 முதல் அவர்களுடைய கவ்பாய் ஜீன்ஸுகளில் இந்த உடைந்த நெசவுதான். பொறியியலாகப் பார்த்தால் ரேங்ளர் செய்ததுதான் புத்திசாலித்தனம். சேகரிப்பாளர்கள் அதிகம் காசு கொடுப்பதோ, முறுக்கிக்கொண்ட பழைய லிவைஸுக்கு.

திண்டிவனம் போகும் சாலை

இவை எல்லாவற்றுக்கும் மேலான குறை, சாயம். நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் உள்ள ஆக்ஸிஜனைப் பறித்து அதை மஞ்சள் கலந்த பச்சைத் திரவமாக்கினால்தான் நூல் அதைக் குடிக்கும். வெளியே எடுத்துக் காற்றில் காட்டினால் கண்முன்னே நீலமாகும். மறுபடி முக்கல், மறுபடி காற்று. டெனிம் ஆலைகளில் நூற்றுக்கணக்கான பாவு நூல்களைக் கயிறாகத் திரித்துத் தொட்டி தொட்டியாக இப்படி இழுத்துப் போவார்கள். ஒவ்வொரு முக்கலும் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் நீலம் நூலின் தோலோடு நின்றுவிடும், நடுத்தண்டு வெள்ளையாகவே இருக்கும். குறுக்குவெட்டாகப் பார்த்தால் நீல வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி. சாயத்தொழிலில் இதை அரைகுறை வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முழங்கால் மடியும் இடத்திலும், பர்ஸ் உரசும் இடத்திலும் தோல் தேய்ந்து அந்த வெள்ளை வெளியே வருவதால்தான் ஜீன்ஸ் அதைப் போட்டவனின் உடம்பைப் பதிவுசெய்கிறது. சாயம் ஒழுங்காக உள்ளே இறங்கியிருந்தால் ஜீன்ஸும் காக்கிப் பேண்ட் மாதிரி மொத்தமாக மங்கியிருக்கும். யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அந்த நீலத்தைத் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். தையற்கடை இருக்கும் செங்கம் சாலை, கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. கிழக்கே செஞ்சியைத் தாண்டிப் போனால் திண்டிவனம். அவுரிச் செடியிலிருந்து நீலம் எடுக்கும் வேலை நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் மிகச் சில பகுதிகளில் அந்த வட்டாரம் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் கடப்பை, நெல்லூர், தென்னார்க்காடு மாவட்டங்கள் அவுரிக்குப் பெயர்போனவை. வங்கத்தைப்போல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் ஆட்டம் இங்கே அவ்வளவு இல்லை. விவசாயிகள் விளைவித்தார்கள், உள்ளூர்க்காரர்களே தொட்டி வைத்திருந்தார்கள்.

அறுத்த செடியைக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் அடுக்கி, மேலே கட்டையும் கல்லும் பாரம் வைத்துத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுகிறார்கள். புளித்து இறங்கும் பச்சைச் சாற்றைக் கீழ்த்தொட்டிக்கு வடித்ததும் ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் உதைத்துக் கலக்குகிறார்கள், மணிக்கணக்கில். காற்று கலக்கக் கலக்கப் பச்சை நீலமாகி நுரை பொங்கும். ஆலைத் தொட்டியில் நூல் வெளியே வந்ததும் நடக்கும் அதே வேதியியல்தான், இங்கே மனிதக் காலால் நடக்கிறது. அடியில் படியும் குழம்பைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டியாக அறுத்துக் காயவைப்பார்கள். சாறெடுத்த சக்கை வயலுக்கு எருவாகப் போகும். அவுரி பயறுக் குடும்பத்துச் செடி, நெல்லுக்கு நல்லது.

1873-ல் டேவிஸ் ரிவிட் அடித்தபோது உலகில் செயற்கை நீலம் கிடையாது. முதல் ஜீன்ஸுகள் எல்லாம் ஏதோ ஒரு வயலில் விளைந்த நீலத்தில் தோய்ந்தவைதான். (இதை வைத்து, லிவைஸின் முதல் பேண்டில் தென்னார்க்காட்டு நீலம் என்று யாராவது பேனர் கட்டினால் நம்பிவிடாதீர்கள்.) ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897-ல் ஆலை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொஞ்ச வருடங்களில் இந்தியாவின் நீல ஏற்றுமதி சரிந்தது. இன்று மேட்டுப்பாளையம் பக்கத்து ஜடயம்பாளையத்தில் இருக்கும் கே.ஜி. டெனிம் முதல் குஜராத்தின் அரவிந்த் வரை ஆலைகளை ஓட்டுவது செயற்கை நீலம்தான். செடி நீலத்துக்கு மிச்சமிருப்பது சின்னச் சந்தை. 1990-களில் ஆரோவில்லில் தொடங்கிய ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ சாயப்பட்டறை, ரசாயனம் சேர்க்காமல் புளிக்கவைக்கும் பழைய தொட்டி முறையைப் பிடித்துவைத்திருக்கிறது. தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துப் புளிக்கவிடுவது தென்னாட்டுச் சாயக்காரர்களின் பழைய கைமுறை. அந்தத் தொட்டிக்கு நாள்தோறும் தீனி போட்டுக் கவனிக்க வேண்டும்; பட்டினி போட்டால் நீலம் இறங்காது.

195 ரூபாய் ஜீன்ஸ்

பழைய ஜீன்ஸுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வேறொரு வரலாறும் உண்டு. அது அமெரிக்கப் புத்தகங்களில் வராது. 1990-களின் நடுவில் ரெடிமேட் ஜீன்ஸ் வாங்குவது பெரும்பாலானவர்களுக்குக் கைக்கு எட்டாத காரியம். அப்போது அரவிந்த் மில்ஸ் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்ற பெயரில் ஒரு பொட்டலம் விட்டது. விலை 195 ரூபாய். உள்ளே ஒரு பேண்டுக்கான டெனிம் துணி, ஜிப், ரிவிட், பட்டன், இடுப்பில் தைக்கும் லேபிள். வாங்கி உங்கள் டெய்லரிடம் கொடுத்தால் ஜீன்ஸ் ரெடி. விளம்பரத்தில் அக்ஷய் குமார். நாடெங்கும் ஆயிரக்கணக்கான சிற்றூர்த் தையல்காரர்கள் இந்த வலைக்குள் வந்தார்கள்.

ரீனோவில் டேவிஸ் செய்ததும் இதுதானே! வாடிக்கையாளர் முன்னால் நிற்க, இடுப்பையும் சீட்டையும் அளந்து, ரிவிட்டைச் சுத்தியலால் அடித்து முடிப்பது. நூறாண்டுக்கு மேல் தொழிற்சாலைக்குள் இருந்த ஜீன்ஸ் திரும்பவும் தெருமுனைத் தையல்காரர் கைக்கு வந்தது. அவரிடம் இரட்டை ஊசி மெஷினும் கிடையாது, செயின் தையல் மெஷினும் கிடையாது. கால் மிதி மெஷினில் ஒரே ஊசியால் இரண்டு தடவை ஓட்டி இரட்டைத் தையலாக்கினார். இரண்டு வரிகளும் ஒரே இடைவெளியில் போகாது. அங்கங்கே நெருங்கும், விலகும். அப்படித் தைத்த ஒரு பேண்ட் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 1950-களின் கோணல் லூப்பைக் கொண்டாடும் உலகம் இதையும் ஒருநாள் கேட்டு வரக்கூடும்.

ஷங்கர் 1998-ல் படத்துக்கே ‘ஜீன்ஸ்’ என்று பெயர் வைக்கும் அளவுக்கு ஊரில் பரவிய உடைதான், கோயில் வாசலில் மட்டும் கொஞ்ச நாள் தகராறில் மாட்டியது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உடைக்கட்டுப்பாடு 2016 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அறநிலையத் துறைக் கோயில்களில் ஜீன்ஸுக்கு அனுமதியில்லை. அந்த மாதமே உத்தரவுக்கு இடைக்காலத் தடையும் வந்துவிட்டது.

மறுபடி பழுதுபார்க்க வந்த ஜீன்ஸுக்கு வருவோம். அதை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கொடுக்கும் வேலை நீளம் குறைப்பது. அதிகம் கெட்டுப்போகும் வேலையும் அதுதான். பழைய ஜீன்ஸின் பாட்டத்தை அமெரிக்க ஆலைகள் யூனியன் ஸ்பெஷல் 43200ஜி என்ற மெஷினில் செயின் தையலாக அடித்தன. மடிப்பின் மேல்துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகராமல் இழுபடுவது அந்த மெஷினின் கோளாறு. துவைத்துச் சுருங்கியதும் பாட்டம் முறுக்கிய கயிறுபோல் சாய்வரி கட்டிக்கொள்ளும். மேடு வெளுத்துப் பள்ளம் நீலமாகவே நிற்கும். மெஷினின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ஓடும் நிலையில் ஒன்று கிடைத்தால் போட்டிபோட்டு வாங்க ஜீன்ஸ் கடைகள் காத்திருக்கின்றன.

சாதாரண லாக் தையலில் அடித்த பாட்டம் எத்தனை சலவைக்குப் பிறகும் தட்டையாகவே கிடக்கும். அதனால் தேய்ந்த பாட்டத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மடித்து அடித்தால், அந்த ஜீன்ஸின் விலையில் ஒரு பகுதியும் கத்தரித்த துண்டோடு போய்விடும். விவரம் தெரிந்த தையல்காரர் வேறு வழி வைத்திருக்கிறார். பழைய மடிப்பை அப்படியே விட்டு, அதற்குச் சற்று மேலே துணியை உள்பக்கமாக மடக்கி, மடிப்பின் விளிம்பை ஒட்டி ஒரு வரி ஓட்டி, மிச்சத்தை உள்ளே வெட்டி ஓவர்லாக் செய்துவிடுவார். கயிறுமுறுக்கு தப்பிக்கும், சேர்த்த இடமும் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. எனவே பழைய ஜீன்ஸைக் கொடுக்கும்போது ‘ஒரிஜினல் பாட்டம் அப்படியே இருக்கட்டும்’ என்று சொல்லிக் கொடுங்கள். சாதாரண மடிப்பைவிட நேரம் அதிகம் பிடிக்கும் வேலை அது, கூலியில் பேரம் பேசாதீர்கள்.